பிரெஞ்சுப் போர்க்கப்பலுக்கு நான் சுற்றிய கற்பூரம்

மரத்தில் கப்பல் பொம்மை செய்து பிழைக்கிறவனுக்குக் கடலைக் கண்டு பயமில்லை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கத்தான் பயம். கைவேலையை நம்பி வாழும் சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரங்கூனின் அலோன் பகுதியில், ஆற்றோரக் கிடங்குகளுக்குப் பின்னால் என் பட்டறை. நான் தேக்கில் செதுக்குவேன், என் மனைவி வள்ளி பாய் தைப்பாள். அவமானத்தை இருவரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வோம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஒரு கப்பலில் மொத்தமும் எனக்கே வந்து சேர்ந்தது.

கொடி

எதிர்ச்சாரியில் மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியாக் கடை வைத்திருக்கும் டோ மியாவின் ஒரே மகள் பிரான்சில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பிரெஞ்சுக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். டோ மியாவுக்கு ஒரே கவலை. பாஷை தெரியாத சம்பந்தி வீட்டில் வெறுங்கையோடு போய் நின்றால் மகளுக்குத்தான் தலைகுனிவு. மாப்பிள்ளையின் ஊரில் அந்தக் காலத்தில் கட்டிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் படத்தைப் போனில் காட்டி, அப்படியே செய்து தரச் சொன்னார். அவர் பேசுவது பர்மியில்; அதில் பெரிய பெண்களுக்கு 'டோ', என்னைப் போன்ற அண்ணன்மாருக்கு 'கோ' என்று மரியாதை அடைமொழி. உங்களுக்காக நான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

இம்மி பிசகாமல் செய்தேன். பீரங்கி, நங்கூரம், பின்பக்கத்துக் கொடி எல்லாம் படத்தில் உள்ளபடியே. கப்பலை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு போன பிறகு வரைந்த படம் அது என்று எனக்கு எங்கே தெரியும்? டோ மியா பூரித்துப்போய் மகளுக்கு வீடியோவில் காட்டினார். நானும் பாராட்டு வாங்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மகள் சொன்னாள்: "அம்மா, அதுல பறக்கிறது இங்கிலீஷ்காரன் கொடி. இவங்ககிட்டேருந்து பறிச்சுக்கிட்டுப் போன கப்பலை இவங்களுக்கே சீரா கொண்டு வர்றியா?"

ஜாதகம்

கொடியை மாற்றினேன். பட்ட சூட்டில், அந்தக் கப்பலின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். டோ மியாவை வழியனுப்ப உறவினர் எல்லாரும் கூடி, லப்பெட் தட்டைச் சுற்றி உட்கார்ந்து தேயிலை ஊறுகாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நடுக்கூடத்தில் நின்றுகொண்டு கப்பலின் ஜாதகத்தை ஒப்பித்தேன். பிறந்த துறைமுகம், போட்ட சண்டைகள், ஆங்கிலேயரிடம் பிடிபட்டது, அவர்கள் புதுப் பெயர் வைத்தது, சொந்த நாட்டின் மேலேயே அதைச் சுட வைத்தது, வயதான பிறகு பாய்மரங்களை வெட்டிவிட்டுக் கைதிகளை அடைக்கும் மிதக்கும் சிறையாக்கியது, கடைசியில் துண்டு துண்டாக உடைத்தது வரைக்கும்.

யாரும் கை தட்டவில்லை. டோ மியா தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். அவருடைய அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கூட்டிக்கிட்டுப் போய், பேரை மாத்தி, பெத்தவங்களுக்கே எதிரா திருப்பி, கடைசியில சிறை வச்சாங்களா? கோ செல்வம், நீ கப்பல் கதை சொல்றியா, எங்க பொண்ணு கதை சொல்றியா?"

கரண்டு

விடிந்தால் விமானம். சாயங்காலம் டோ மியா அட்டைப்பெட்டியோடு கப்பலை வாங்க வந்தார். சைக்கிளே ஆனாலும் பூஜை போடாமல் வெளியே அனுப்பும் வழக்கம் நமக்குக் கிடையாது. வள்ளி பீரங்கி வாய்க்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாள். அடியில் எலுமிச்சம்பழம். எங்கள் ஊர் பஸ்காரர்கள் கட்டுவது போல முன்மூக்கில் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி. மத்தியானம் போன கரண்டு அதுவரை வரவில்லை. காற்றில்லாத வீட்டில் கற்பூரச் சுடர் ஆடாமல் நின்றது. பக்தி மிகுந்து, தட்டைப் பாய்க்கு மிக அருகில் சுற்றினேன்.

"மீ லா பி!" என்று தெரு முழுக்கக் கத்தினார்கள். கரண்டு வந்தால் எங்கள் ஊரே அப்படித்தான் கத்தும். தலைக்கு மேலே மின்விசிறி பிய்த்துக்கொண்டு சுழன்றது. சுடர் சாய்ந்து முன்பாயைப் பிடித்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய வேகத்தில் என் கைலி அவிழ்ந்து விழுந்தது. ஒரு கையால் மானத்தைப் பிடிப்பதா, இரண்டு கையாலும் குடத்தைப் பிடிப்பதா என்று நான் தவித்த நேரத்தில் முன்பாய் போயே போய்விட்டது, பாய்மரமும் பாதி கரிந்துவிட்டது. வள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டோ மியா நனைந்த கப்பலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "பிடிச்சுக்கிட்டுப் போனவன்கூட இதை எரிக்கலையே, கோ செல்வம்."

சீர்

வேறு செய்ய நேரமில்லை. ஈரத்தைத் துடைத்து, அதையே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். அதற்குப் பிறகு மொஹிங்கா கடைப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. தெருமுனை வரை போக வேண்டியிருந்தாலும் பின்சந்தில் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு தாய் என்னை நம்பிக் கொடுத்த ஒரே காரியத்தைக் கரியாக்கி அனுப்பியிருக்கிறேனே என்று மனசு அறுத்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் டோ மியா வீடியோவில் கூப்பிட்டார். எடுக்கப் பயந்தேன், வள்ளி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். அங்கே மேசை நிறைய வெள்ளைக்காரர்கள், நடுவே என் கப்பல். சம்பந்தி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் பாய்க்கு முன்னால் சுற்றினார், விசிறி போலக் கையைச் சுழற்றினார், பிறகு இடுப்பில் இல்லாத கைலியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மேசையே சிரித்தது. நான் மேலே கூரையைப் பார்த்தேன். டோ மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வந்ததிலேருந்து ஊமை மாதிரி மூலையில உட்கார்ந்திருந்தேன், கோ செல்வம். இது எப்படிக் கரிஞ்சதுன்னு கேட்டாங்க. கையாலேயே நடிச்சுக் காட்டினேன். இப்போ என்னைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு, வர்ற விருந்தாளிக்கெல்லாம் மறுபடி நடிக்கச் சொல்றாங்க."

ஆகவே, சகபாவிகளே, என் கைத்திறமை அலோனைத் தாண்டவில்லை என்றாலும், என் மானக்கேட்டுக்குப் பிரான்சில் ஒரு வீட்டில் தினமும் கை தட்டுகிறார்கள்.