மாப்பிள்ளையின் ஷூ

தியேட்டர் மேனேஜர் என்றால் தினமும் ஓசியில் படம் பார்ப்பவன் என்று ஊர் நினைக்கிறது. ஏசி ஓடாததற்கும் கதாநாயகி செத்ததற்கும் சேர்த்துத் திட்டு வாங்குபவன் என்பது, கவுன்டரில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை கெடு

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தியேட்டரில் இந்திப் படம் போட்டு வெகுநாள் ஆயிற்று. உருது பேசும் குடும்பங்கள் இத்தனை இருக்கிற ஊரில் இது என்ன அநியாயம் என்று முதலாளியை நச்சரித்து, ஒரு கொலை மர்மப் படத்தை வரவழைத்தேன். பெரிய பங்களா, விடாத மழை, ஒரு பிணம். குடும்ப டாக்டர்தான் கொலைகாரன் என்பதைக் கடைசிக் காட்சிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அது நிறை. முதல் பாதி மாட்டு வண்டியாக நகரும், நடுவில் யாரும் கேட்காத இரண்டு பாட்டு வரும். அது குறை. முதலாளியிடம் நிறையை மட்டும் சொன்னேன்.

"வியாழக்கிழமை வரைக்கும் பாக்குறேன். கூட்டம் வரலைன்னா தூக்கிடுவேன். அப்புறம் இந்திப் படம்னு நீ வாயே தொறக்கக் கூடாது."

இரண்டு தடவை சிரிப்பு

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. உருது தெரிந்தவர்கள் தமிழ் நண்பர்களையும் கூட்டி வந்திருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் ஒவ்வொரு வசனத்தையும் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் ஒவ்வொரு ஜோக்குக்கும் அரங்கம் இரண்டு தடவை சிரித்தது, முதலில் உருது, பிறகு தமிழ். அவரை அடக்கப் போனேன். பக்கத்தில் இருந்த ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க சார். படத்தைவிட அவர் சொல்றதுதான் நல்லா இருக்குது."

காலைப் பார்க்கும் ஊர்

இடைவேளைக்குச் சற்று முன்னால் கொலை. கொலைகாரனின் முகத்தைக் காட்டாமல் காலை மட்டும் காட்டுவார்கள். வேறு ஊராக இருந்தால் ஜனம் பயந்திருக்கும். தெருவுக்கு நாலு பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் ஊரில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். பெண் பார்க்க வருகிறவனுக்கும் அதே கதிதான். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கும் ஜப்பார் பாய், மனைவி நஸ்ரீனோடு இடைவேளையில் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பாதி அரங்கம் வந்தது.

படக்காரர்கள் ஒரே ஜோடி ஷூவை, விருந்துக் காட்சியில் வீட்டு மாப்பிள்ளைக்கும் கொலைக் காட்சியில் டாக்டருக்கும் கவனிக்காமல் மாட்டிவிட்டிருந்தார்கள். அதை நான் எப்படிச் சொல்வது? சொன்னால் முடிவு போச்சு. ஜப்பார் பாயோ எல்லோர் முன்னாலும் தீர்ப்பைச் சொல்லிவிட்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டார்.

"அதே ஷூ சார். முன்னாடி அதே தையல், பக்கத்துல அதே கீறல். மாப்பிள்ளைதான் கொலைகாரன். இதுக்கு மேல உக்காந்து இன்னா பண்றது?"

தெரிந்த கதை

சனிக்கிழமைக்குள் டீக்கடை டீக்கடையாகச் செய்தி பரவிவிட்டது. கடைசிவரை பார்த்த சிலபேருக்கு உண்மை தெரியும். ஆனால் தாங்கள் ஏமாந்தபடி மற்றவர்களும் ஏமாறட்டும் என்று, "ஆமா, மாப்பிள்ளைதான்" என்று தலையாட்டி வைத்தார்கள். ஞாயிறு மாலை முதலாளி காலி நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கவுன்டருக்கு வந்த ஒருவர் டிக்கெட் எடுக்காமல், மாப்பிள்ளைதானே கொலைகாரன் என்று விசாரிக்க மட்டும் செய்தார். முடிவுவரை உட்கார்ந்து பார்த்துவிட்டா ஜப்பார் பாய் சொன்னார் என்று மட்டும் அவரிடம் கேட்டு வைத்தேன்.

"அவர் எதுக்குக் கடைசி வரைக்கும் பாக்கணும்? ஷூவைப் பாத்தா போதாதா?"

நஸ்ரீன் வாய் திறக்கவில்லை

நான் கேட்டது ஊரைச் சுற்றி நஸ்ரீன் காதுக்குப் போயிருக்கிறது. அவரும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை தன்னோடு வேலை செய்யும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்தத் தடவை கடைசிவரை பார்த்தார். டாக்டர் பிடிபட்டதும் அந்த வரிசையில் எழுந்த சிரிப்பு வெளியே கவுன்டர் வரை கேட்டது. வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று நஸ்ரீனிடம் கெஞ்சினேன்.

"நான் ஏன் சார் சொல்றேன்? ஊருக்கே கொலைகாரனைப் புடிச்சுக் குடுத்த மனுஷன், அவரே டிக்கெட் எடுத்துப் பாக்கட்டும்."

ஜப்பார் பாயின் தீர்ப்பு

புதன்கிழமை கம்பெனியில் ஜப்பார் பாய் எந்தப் பக்கம் போனாலும் பெண்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பின் காரணம் தெரியாமல் ஆண்களுக்குத் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை மாலை ஜப்பார் பாய் தன் பிரிவையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்த முதலாளி, "இன்னொரு வாரம் ஓடட்டும்" என்றார்.

படம் முடிந்து வெளியே வந்த ஜப்பார் பாயின் முகம் கடுகடு என்றிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"கொலைகாரன் டாக்டராவே இருக்கட்டும் சார். மாப்பிள்ளை ஷூவை அவன் எதுக்குப் போட்டான்? அதுக்கு பதில் சொல்லு!"

அந்தப் படத்தின் நிறை குறைகளை இன்று யாராவது கேட்டால், கதை சுமார், நடிப்பு பரவாயில்லை, கவனிக்காமல் மாட்டிவிட்ட ஷூ பிரமாதம் என்றுதான் சொல்வேன்.