ஒரே விசையில் பெட்டிச் சீட்டு

மாலை நாலு ஐம்பது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அக்காவின் மடியில் இருந்த கைப்பை. கைகள் இன்னும் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தன.

அப்போது விருத்தாசலத்திலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். சொந்தக் கணினி கிடையாது. தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு செராமிக் கம்பெனியில், சாயங்காலம் வந்து அடித்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். அங்கே டைப்பிஸ்டாக இருந்தவரைத்தான் அக்கா என்பேன்.

வைக்கோல் வைத்துக் கட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் சீட்டு அடிக்க வேண்டும். கம்பெனி முகவரி, சரக்கு விவரம், உடையும் பொருள் என்ற எச்சரிக்கை எல்லாம் ஒன்றுதான். போகும் ஊர் மட்டும் மாறும். டைப்ரைட்டரில் பழகிய அக்கா கணினியிலும் ஒவ்வொன்றையும் முதலிலிருந்தே அடிப்பார். அதனால் அவர் ஊருக்குப் போகும் ஐந்தேகால் பெண்ணாடம் பஸ் தவறிவிடும். அவர் மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா, இனி ஆறரைக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார். வேலையை விடுவது பற்றி அக்கா பேசத் தொடங்கியிருந்தார்.

அன்று மாறாத அந்த வரிகளைக் கணினியில் பதிந்து ஒரே விசையில் அடக்கிக் கொடுத்தேன். அழுத்தியதும் ஊர்ப்பெயர் தவிர சீட்டு முழுதாகத் திரையில் வந்தது. அக்கா எழுந்து மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இன்று கைப்பேசியில் எத்தனையோ வேலை ஒரு தொடுதலில் முடிகிறது. யாரும் அப்படி எட்டிப் பார்ப்பதில்லை.

மறுநாள் சீட்டுகள் நாலரைக்கே முடிந்துவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி கேட்டார்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

பழைய கடிதங்களைக் கொடுத்தனுப்பி, திரும்ப அடிக்கச் சொன்னார். பஸ் போய்விட்டது.

அதற்கடுத்த நாள் அக்கா நேரத்தோடு கிளம்பினார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் செய்தியை அடித்தேன். ஐந்தரைக்கு முதலாளி உள்ளே வந்தார்.

"நீங்கதானா? அந்தம்மா இம்மாம் சத்தமா தட்டமாட்டாங்களேன்னு பாத்தேன்."

முடிந்த சீட்டுகளைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. தட்டும் சத்தம் நின்றால் ஆபீஸ் மூடியாயிற்று என்று பெட்டி கட்டும் பெண்கள் கை கழுவப் போய்விடுகிறார்களாம். அதற்குத்தான் முந்தின நாள் பழைய கடிதங்களை அடிக்கச் சொன்னாராம்.

"அவங்க பஸ்ஸுக்குப் போவட்டும். ஆறு மணி வரைக்கும் நீங்க தட்டுங்க, போதும்."

செய்தி இல்லாத நாட்களிலும் தட்டினேன். அக்கா ஐந்தேகால் பஸ்ஸில் போனார்.