சுவரில் ஏறாத பெயர்

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் எங்கள் குழு ஆண்டுக்கு ஒரு நாடகம் போடும். யாருக்கும் சம்பளம் கிடையாது. குழுவின் வரலாறு முழுக்க மேக்கப் அறைச் சுவரில் இருக்கிறது. மேடையில் ஒரு வசனமாவது பேசியவர்கள், நாடகம் முடிந்ததும் தங்கள் பெயரைத் தாங்களே அதில் எழுதுவார்கள். திரை இழுப்பவர், டீ வாங்கி வருபவர், லைட் போடும் நான், யாரும் எழுதக் கூடாது. எனக்கு அதில் குறையில்லை.

உடை தைக்கும் அக்காவுக்கு இருந்தது. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடே ரயிலேறி வருவார். நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, வாயில் ஊசியைக் கவ்வியபடி மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து நின்றவர். போன வருடம் கடைசிக் காட்சியில் வரும் அம்மா வேடம் அவருக்குக் கிடைத்தது. ஒரே வசனம்: 'கதவைச் சாத்த வேணாம். அவ வருவா.' அதோடு விளக்கு அணைந்து நாடகம் முடியும்.

நான் சிறுசேரியில் மென்பொருள் சோதிப்பவள். எண் போட்டு எழுதாமல் எனக்கு எதுவும் செய்ய வராது. லைட் பட்டியலின் கடைசி இரண்டு வரிகள் இவை. முப்பத்தேழு: அம்மா வாசலைப் பார்க்கிறாள், மூன்று எண்ணியதும் பேசுகிறாள். முப்பத்தெட்டு: பார்த்ததிலிருந்து பத்து எண்ணியதும் இருட்டு.

ஒத்திகையில் அக்கா ஒருநாளும் மூன்றில் பேசியதில்லை.

"மூணுன்னா இன்னாம்மா, ரேஷன் கடையில அளந்து போட்ற மாதிரி? நான் பேசினப்புறம் லைட்ட அமுத்தேன்."

"அப்புறம்னா எவ்ளோ அப்புறம்க்கா?"

"உன் கல்யாணத்துல மூணு முடிச்சையும் ஸ்டாப்வாட்ச் வெச்சுதான் போடச் சொல்லுவ நீ."

நாடகத்தன்று அக்கா வாசலைப் பார்த்தார். மூன்றானது. பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாலில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. ஒன்பது, பத்து. விளக்கைக் குறைக்கும் டிம்மரை இறக்கினேன். இருட்டில் ஒரு கணம் எதுவுமில்லை; பிறகு கைதட்டல்.

மேக்கப் அறையில் கதாநாயகனாக நடித்தவர் மார்க்கரை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"நான்தான் பேசவே இல்லயே."

"பேசின மாதிரிதான்க்கா. எழுதுங்க."

"மாதிரிலாம் செவுத்துல எழுதறதில்ல தம்பி."

"சாரிக்கா," என்றேன்.

"வுடும்மா. லிஸ்ட்டுல இருந்தத்தான செஞ்ச." அதில் குத்தலே இல்லை.

இந்த வருடமும் வேடம் கொடுத்தார்கள். "தையல் வேல நெறைய கீது," என்று மறுத்துவிட்டார்.

ஹாலை இடித்துக் கட்டப்போகிறார்கள். சுவரிலுள்ள பெயர்களை நான்தான் வருட வாரியாகப் பட்டியல் போட்டேன். போன வருடத்தில் அக்காவின் பெயரைச் சேர்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அவர் பார்த்தால் என்ன கேட்பார் என்று தெரியும்.

இருட்டுக்கும் கைதட்டலுக்கும் நடுவே அந்த ஒரு கணம் இருந்தது. என் விரல் டிம்மரின் மேலேயே இருந்தது. மேலே தள்ளியிருந்தால் அவர் பேசியிருப்பார். பட்டியலில் முப்பத்தொன்பது என்று எதுவும் இல்லை, நான் தள்ளவில்லை.