பச்சை மாத்திரையும் ஆஸ்பத்திரி மாத்திரையும்

"அந்தப் பிள்ளை உள்ளதைச் சொல்லியே யாவாரத்தைக் கெடுத்துரும்." என் முதலாளி யாரிடமோ போனில் சொன்னது ஜன்னல் வழியே காதில் விழுந்தது. பொருளை விற்பதோடு அதைப் பற்றி நாலு வார்த்தை கூட்டியும் சொல்ல வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு என் பாடு புரியும். பாம்பன் பக்கம் தொட்டியில் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, வளர்த்து, தொட்டியை ஒட்டிய கடையிலேயே மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கிறோம். நான் தாவரவியல் படித்தவள்; நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். இதைச் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று சொல்லச் சொல்வார் முதலாளி. நான் சொல்வதில்லை. இது சத்துள்ள உணவு, சர்க்கரை கட்டுப்படக் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான் என்பேன்.

பாசி எடுப்பவருக்கே

ஆரோக்கியம் அக்கா கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். முதல்முறை வந்தபோது மாத்திரையை உள்ளங்கையில் உருட்டி முகர்ந்து பார்த்தார். இது கடல்பாசி இல்லை, தொட்டியில் வளர்கிற நுண்பாசி என்றேன். அவருக்குச் சர்க்கரை இருந்தது; ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டு வந்தார். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு, நடுவில் சீனி தூக்கலாக டீ. சோற்றைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி குறுக்கே வந்து தன் வசனத்தைச் சொல்லி ஒரு டப்பாவை விற்றுவிட்டார். அக்கா போகும்போது என்னிடம் சொன்னார்: "மூட்டை மூட்டையா பாசி அள்ளுனவளுக்கே சர்க்கரை வந்துருச்சு, நீ டப்பால அடைச்சு விக்கிறியாக்கும்."

பச்சைக் கஞ்சி

கீழக்கரையிலிருந்து ஒரு முஸ்லிம் அக்கா வருவார்; லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். துபாயிலிருந்து திரும்பிய கணவருக்குச் சர்க்கரை. பொடியை நோன்புக் கஞ்சியில் கலக்கலாமா என்று கேட்டார். கொஞ்சமாகக் கலக்கலாம், ஆனால் நோன்பில் சர்க்கரை மாத்திரையை எந்த நேரம் போடுவதென்று டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். முதலாளி முறைத்தார். நான் பொட்டலம் கட்டினேன்.

அடுத்த வாரம் வந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டார்களாம். கஞ்சிதான் சரிப்படவில்லை. "சட்டி பூரா பச்சையாப் போச்சு. இவுக கஞ்சியத் தொடாம வடையையே தின்னு பசியாறிட்டாக. இனி வடை மாவுலதான் கலக்கணும்."

ஆறாத கால்

ஆரோக்கியம் அக்கா மறுபடி வந்தபோது நொண்டினார். பாறை கிழித்த பாதம் ஆறாமல் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"இங்கன டப்பா வாங்குன அன்னைக்கே," என்றார், முதலாளியைப் பார்த்து.

இன்னொரு டப்பா சாப்பிட்டால் புண்ணும் ஆறிவிடும் என்று முதலாளி எடுத்து நீட்டினார். கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, இது மருந்து இல்ல. அந்த மாத்திரைய நிறுத்தவே கூடாது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, இல்லாட்டி கால் போயிரும்."

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி. சரி சார் என்றேன். பிறகு அக்காவிடம் சொன்னதையே இன்னொரு தரம், வாசலில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அக்கா முதலாளி நீட்டிய டப்பாவை வாங்கினார். மூடியைத் திறந்து, அத்தனை மாத்திரையையும் பாசித் தொட்டியில் கொட்டினார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டியபடியே ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினார்.