அப்பா முகத்தில் இருந்த விடைகள்

பேருந்து டிப்போவில் அவருக்கு மீசைக்காரர் என்றுதான் பெயர். நல்ல ஓட்டுநர், ஆனால் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். மகளை இரண்டாம் வகுப்பு ஆசிரியை "மந்தம்" என்று சொன்ன அன்றே, பிள்ளையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். நானே படிக்கவைத்துக் காட்டுகிறேன் என்று சவால் வேறு. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு மருத்துவமனையில் பகல் வேலை, இவருக்கு மாலை வண்டி. ஆக, பகலில் சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம்.

ஆளும் லேசுப்பட்டவர் அல்ல. பழைய பயணச்சீட்டுகளைப் பரப்பிப் பெருக்கல் சொன்னார், ரொட்டியை வெட்டிப் பின்னம் சொன்னார். மகள் கொஞ்சம் இழுத்துத்தான் பதில் சொல்வாள். ஆனால் ஒரு விடையும் தப்பாது. டிப்போவில் அவர் அடித்த பெருமை தாங்காமல் மற்றவர்கள் டீக்கடைப் பக்கம் ஓடினார்கள்.

ஆண்டு முடிவில் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். வீட்டில் படிக்கும் பிள்ளை தேறாவிட்டால் பழைய பள்ளிக்கே திரும்ப வேண்டும். தகப்பனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுக் கேள்வி கேட்டார். பிள்ளை வாயே திறக்கவில்லை. இன்னொரு முறை வந்து பார்ப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். மீசைக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த ஆசிரியை சொன்னது மெய்தானோ என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மகளிடம் மெல்லக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"நான் மெதுவா ஆரம்பிப்பேம்ப்பா. சரின்னா உங்க மீசை மேல போகும், தப்புன்னா இறங்கிடும். உடனே மாத்திக்குவேன்."

போச்சுடா! இத்தனை நாள் பாடம் நடத்தியதும் இவர், விடை சொன்னதும் இவரேதான். மறுநாளே மீசையை வழித்தார். பிரயோசனமில்லை, பிள்ளை புருவத்துக்கு மாறிக்கொண்டாள். "இவ்வளவு கூர்மையா பாக்கறவளையா மந்தம்னாங்க?" என்று மனைவி சிரித்தாள்.

கடைசியில் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். விடையைத் திருப்பிப் போட்டு நீயே சரிபார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மகள் தப்பாகப் போடுவாள், அழுவாள், பென்சிலை எறிவாள், பிறகு தானே போய் எடுத்துவருவாள். சும்மா இருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் அந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதிகாரி அம்மா மறுபடி வந்தபோது, மீசைக்காரர் யாரும் சொல்லாமலே சமையலறைக்குப் போனார். வகுத்தல் கணக்கு. மகள் சொன்ன விடை தப்பு என்று அங்கிருந்தே தெரிந்தது. கத்திச் சொல்லிவிடத் துடித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அப்பாவைக் கூப்பிடட்டுமா கண்ணு?" என்று அதிகாரி அம்மா பரிவாகக் கேட்டார்.

"வேணாம். அவருக்கு வேற வேலை இருக்கும். இருங்க, எங்க விட்டேன்னு நானே பாக்கறேன்."

பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. அடுத்து அவள் சொன்ன விடை சரி.

அவருக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. சந்தோஷம்தான், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. குழாயைத் திறந்து, கழுவி வைத்த தட்டுகளையே மறுபடி கழுவ ஆரம்பித்தார்.