என் முகத்தை மட்டும் பார்க்கும் ட்ரோன்

நான் கந்தோரில் கோப்புகளோடு வாழ்கிறவன். நாற்பத்தெட்டு வயதில் கணினி நிரல் எழுதப் பழகினேன் என்றால் ஏதோ அறிவுத் தாகம் என்று நினைப்பீர்கள். அப்படியொன்றும் இல்லை. முன்வீட்டுக்காரரிடம் வாங்கிய ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் பழகினேன்.

மன்னாரில் எங்கள் ஒழுங்கை மிக ஒடுக்கம். இரண்டு கழுதைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று திரும்பிப் போகவேண்டும். அதன் அந்தப் பக்கம் அவருடைய வீடு. கடலுக்குப் போவதை விட்டுவிட்ட மனிதர், பகலெல்லாம் கேற்றடியில் கதிரை போட்டு இருப்பார். மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த, உள்ளங்கை அளவு ட்ரோனை நான் முதன்முதலாகப் பறக்கவிட்ட அன்று, அது என் சொல்லைக் கேட்காமல் மேலே எழும்பி, காற்றோடு ஒழுங்கையைக் கடந்து, அவர் வீட்டுக் கிணற்றுக்கு நேர் மேலே போய் நின்றது.

"தம்பி, உங்கட சாமான் எங்கட கிணத்தடியைப் பாக்குது. பொம்பிளையள் குளிக்கிற இடம்," என்றார் கதிரையை விட்டு எழும்பாமலே.

"அது ஒண்டையும் பாக்கேல்லை அண்ணை. காத்து இழுத்துக்கொண்டு வந்திட்டுது."

"கண் இருக்கிற சாமான் பாக்காமல் என்ன செய்யும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நானோ படித்தவன் என்ற கொழுப்பில், கமரா, கோணம், படத்தின் தெளிவு என்று ஒழுங்கை நடுவில் நின்று விளக்கம் கொடுத்தேன். அவர் எழும்பிப் போய்க் கேற்றைச் சாத்தினார். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

அப்போதுதான் அந்தப் பொல்லாத யோசனை வந்தது. ட்ரோன் என் முகத்தை மட்டும் பார்க்கும்படி செய்துவிட்டால்? நான் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் திரும்பும், நான் பின்னால் போனால் அது கிட்ட வரும். கிணற்றடிப் பக்கமே போகாது. அதை அவருக்கு முன்னால் பறக்கவிட்டு, "இப்ப சொல்லுங்கோ அண்ணை" என்று கேட்கவேண்டும். அந்த ஒரு வசனத்துக்காக இரண்டு மாதப் பின்னேரங்களைத் தொலைத்தேன்.

ட்ரோனின் கமரா காண்பது மடிக்கணினிக்கு வரும். அதில் முகம் இருந்தால் நிரல் அதைச் சுற்றிப் பச்சைப் பெட்டி கீறும். பெட்டி நடுவில் நிற்கும்படி ட்ரோன் நகரும். சொல்ல இவ்வளவுதான். வீட்டுக்குள் நடந்த முதல் சோதனையில், கண்ணாடியும் நாலு நாள் தாடியுமாக நின்ற என்னை அது முகம் உள்ளவன் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. நேரே போய்ச் சுவர்க் கலண்டரில் இருந்த புனிதருக்கு முன்னால் நின்றது.

"உங்களை விட அவருக்கு முகக்களை கூடத்தானே," என்றாள் மனைவி.

படமும் அதற்கு முகம்தான் என்பதை நான் அன்றே யோசித்திருக்கவேண்டும். யோசிக்காமல் போய்த் தாடி வழித்தேன். பிறகு, மனைவி குறுக்கே வந்தால் யாரைப் பார்ப்பதென்று அது தடுமாறியதால், இரண்டு முகம் தெரிந்தால் பெரியதைப் பிடி என்று ஒரு வரி சேர்த்தேன். பெரிய முகம் எப்போதும் என்னுடையதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாம் சரிவந்த கிழமையில் முன்வீட்டுக்காரர் இறந்துபோனார். நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

எங்கள் பக்கத்தில் என்ன கோபம் இருந்தாலும் செத்தவீட்டுக்குப் போய் முகம் பார்க்கவேண்டும். ஜென்மப் பகையாளிகள்கூட பெட்டி மூடுவதற்கு முன் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மனைவி நேரத்தோடு போய்விட்டாள். நான் சேட்டு மாற்றிக்கொண்டு கேற்றுவரை வந்தேன். அங்கே நின்ற சனத்தைக் கண்டதும், இவன் எந்த முகத்தோடு வருகிறான் என்று கேட்பார்களோ என்று பயந்து திரும்பிவிட்டேன். அந்த ஒழுங்கையைக் கடக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"முப்பத்தொண்டாம் நாள் நினைவுக்கு முதல் எண்டாலும் போயிட்டு வாங்கோ," என்று மனைவி தினமும் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் தினமும் சொன்னேன். அவர்கள் கேற்றில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை எங்கள் வாசலைப் பார்த்தபடி தொங்கியது. அதில் அவருடைய முகம் மூன்றடி அகலம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்பேன்.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி பூசைக்குப் போயிருந்தாள். காற்று அடங்கியிருந்த காலை வேளையில், யாருக்குக் காட்டுவதென்றே தெரியாமல் முற்றத்தில் ட்ரோனை ஏற்றினேன். அருமையாக வேலை செய்தது. நான் பின்னால் நடக்க நடக்க என்னைப் பார்த்தபடியே வந்தது. பெருமையில் திறந்திருந்த கேற்றுவரை பின்னால் நடந்தேன். செருப்பு தடக்கியது. குனிந்தேன்.

என் முகம் மறைந்த இடத்தில் அதைவிடப் பெரிய முகம் ஒன்று அதற்குத் தெரிந்தது. என் தலைக்கு மேலாகப் போய் ஒழுங்கைக்கு மேலே, அவருடைய படத்துக்கு முன்னால் நின்றது. முகம் பெரியது என்பதால் மரியாதைக்குத் தள்ளி நின்றது. மெல்லத் தாழ்ந்து மெல்ல எழும்பியது. முப்பது நாளாக நான் செய்யாததை அந்தச் சாமான் செய்துகொண்டிருந்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

நிறுத்துவதற்கு மடிக்கணினியை நோக்கி ஓடினேன். அதற்குள் காற்று எழும்பிவிட்டது. பதாகைக்கு மேலால் அதைத் தள்ளிக்கொண்டுபோய், அவ்வளவு பெரிய வளவில் வேறு இடம் இல்லாததுபோல், கிணற்றடியில் போட்டது.

ஒழுங்கையைக் கடந்து அவர்கள் கேற்றடியில் நின்று கூப்பிட்டேன். கறுப்புச் சீலையோடு அவருடைய மனைவி வந்தார். கையில் ட்ரோன்.

"வாங்கோ தம்பி. இதை எடுக்கவெண்டாலும் வந்தியளே."

"இது கிணத்தடியைப் பாக்கேல்லை அக்கா."

ஒரு மாதம் கழித்து, புருஷனை இழந்த மனுஷிக்கு நான் சொன்ன முதல் வார்த்தை இது.

"பாத்தால் பாக்கட்டும். உண்மையா இது என்ன செய்யும்?"

"ஆக்களின்ர முகத்தைத் தேடிப் போய்ப் பாக்கும்."

"அவரைப் பாத்ததோ?"

"ஓம் அக்கா."

அவர் ட்ரோனை என்னிடம் தந்தார். "நீங்கள் வருவியள் எண்டு பெட்டியை மூட விடாமல் கொஞ்ச நேரம் வைச்சிருந்தனான். பங்குச் சுவாமிதான் நேரம் போகுது எண்டவர்."

கேற்றடியில் அவருடைய கதிரை அப்படியே கிடந்தது. ட்ரோனை அதில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மேசையில் மெழுகுதிரிக்குப் பின்னால் அதே முகம், சின்னதாக. கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தயாராக வைத்திருந்த 'இப்ப சொல்லுங்கோ அண்ணை' வாய்வரை வந்து திரும்பிப் போனது.

"என்ர பிழைதான் அண்ணை," என்றேன்.

அக்கா அதற்குள் தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போயிருந்தார்.