முனியசாமி மாற்றிய ஆயிலில் குறையில்லை

மெக்கானிக் முனியசாமி இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. போன வாரம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இராமநாதபுரம் பஸ் நிலையத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவர் படத்தைப் பார்த்தேன். பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். மாரடைப்பு என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் வீட்டார் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. என்னைத் தேடிச் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் நான் வைத்திருக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். முனியசாமி பாம்பனில் படகு எஞ்சின் வேலை பழகியவர். பிறகு இராமநாதபுரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கார், வேன் வேலை பார்த்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற கட்டட எஞ்சினியர். அந்தச் சொல்லில் எஞ்சின் இருப்பதால் எனக்கு வண்டியும் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்பினார்கள். நானும் மறுத்ததில்லை.

ஓய்வு பெற்ற கையோடு, ஆசைக்கு ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. வாங்கிய மாதமே தொல்லை தொடங்கியது. பத்து மைல் ஓடினால் ஆயில் பிரஷர் காட்டும் முள் சரசரவென்று கீழே இறங்கும். மதுரையில் இரண்டு இடங்களில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். முனியசாமியிடம் அதைச் சொன்னேன்.

"எடுத்ததும் பிரிக்கிறதுக்கு இது என்ன புரோட்டா பார்சலா? ஏறுங்க சார், ஒரு எட்டு போயிட்டு வருவம்" என்றார்.

உச்சிப்புளி வரை போய்த் திரும்பினோம். வழி நெடுக அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். கொட்டகைக்கு வந்ததும் ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. முள்ளே பொய் சொல்கிறதோ என்று படகு எஞ்சினுக்கு வைத்திருந்த தனி மீட்டரை மாட்டிப் பார்த்தார். இரண்டும் ஒன்றையே சொல்லின. "குளுந்து கெடக்கையில நல்லா நிக்குது. சூடேறுனாத்தான் விழுது. அப்ப எஞ்சின வையாம, சூடு எதுக்கு எறங்கலன்னு பாக்கணும்" என்று வண்டியின் முன்னால் போய்க் குனிந்தார்.

முகப்புக் கம்பிகளுக்குப் பின்னால் ஆயில் கூலர் இருந்தது. சின்ன ரேடியேட்டர் மாதிரிதான். எண்ணெய் அதற்குள் சுற்றி வரும்போது எதிர்க்காற்று பட்டு ஆறும். பழைய சொந்தக்காரர் வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது அதன் மேலும் அடித்திருக்கிறார். பெயின்ட் மேல் மண், மண் மேல் செத்த பூச்சி. காற்று நுழைய ஓர் இடுக்கு இல்லை.

"எண்ணெய் ரொம்பச் சூடானா தண்ணியாப் போயிரும் சார். தண்ணியாப் போனா பிரஷர் எங்கிட்டு நிக்கும்?"

இரண்டு நாள் மண்ணெண்ணெயும் பிரஷுமாக உட்கார்ந்து சுத்தம் செய்தார். அதன் பிறகு முள் இறங்கவில்லை. வண்டியைக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கூலரின் மேல் வைத்தார். எந்த வாடிக்கையாளரையும் அவர் இப்படித்தான் செய்வார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும் விட மாட்டார். "தொட்டுப் பாருங்க. முனியசாமி சொன்னான்னு இருக்கக் கூடாது, நீங்க பாத்ததுன்னு இருக்கணும்" என்பார். கூடவே, "எம்புட்டு ஓட்டுனாலும் ஓட்டுங்க. இந்த வாய மட்டும் எதையும் வச்சு மூடிறாதீக" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இராமேஸ்வரம். சம்பந்தி அங்கே லாட்ஜ் வைத்திருக்கிறார். யாத்திரைக்காரர்களுக்கு வேனும் விடுகிறார். அந்த வேன்கள் எல்லாம் முனியசாமியிடம்தான் வேலைக்கு வரும். தாலி கட்டியதும் மாப்பிள்ளையே என் சிவப்புக் காரை ஓட்டி, மகளை இராமேஸ்வரம் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்காக முந்தின வாரம் முனியசாமி ஆயில் மாற்றிக் கொடுத்தார். "மாப்ளகிட்ட முள்ளப் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றும் சொன்னார். கல்யாணப் பரபரப்பில் நான் அதைச் சொல்லவில்லை.

அது மறதி. அடுத்தது மறதி இல்லை. மண்டப வாசலில் அலங்காரக்காரர் மணமக்கள் பெயர் எழுதிய பெரிய பூப்பலகையைக் கொண்டுவந்து, முகப்பில் கட்டவா என்று கேட்டார். முனியசாமி சொன்னது எனக்கு அப்போது அட்சரம் பிசகாமல் நினைவுக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். "கட்டுப்பா" என்றேன்.

பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து கொதித்து, எஞ்சின் சுத்தியலால் அடித்த மாதிரி தட்டி, அப்படியே இறுகிவிட்டதாம். பின்னால் சம்பந்தியோடு வந்த நான் இறங்கி ஓடினேன். கடற்காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். அவளையும் மாப்பிள்ளையையும் ஒரு வேனில் ஏற்றி அனுப்பினோம். பிறகு, பூ வாடிவிட்டது என்று சொல்லிப் பலகையை அவிழ்த்துக் கடலில் போட்டேன்.

"யாரு வேல பாத்த வண்டி?" என்று சம்பந்தி கேட்டார்.

"முனியசாமிதான். போன வாரம் ஆயில் மாத்துனாரு" என்றேன்.

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதை வைத்துத்தான் இத்தனை நாள் என்னை நானே சமாளித்தேன்.

சம்பந்தி போன் செய்ததும் முனியசாமி ஒரு மினி லாரியோடு வந்து சேர்ந்தார். வந்தவரை, ஆயில் மாற்றத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்கா என்று சம்பந்தி பிடித்துக்கொண்டார். முனியசாமி நேரே வண்டியிடம் போனார். முகப்பில் குனிந்தார். பூப்பலகையை முறுக்கிக் கட்டியிருந்த கட்டுக்கம்பியில் ஒரு துண்டு அங்கே தொங்கியது. இடுக்குகளில் ரோஜா இதழ்கள் வெந்து ஒட்டியிருந்தன. சம்பந்தி போன் பேசத் தள்ளிப் போனதும் கம்பியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க சார்."

நான் கடலைப் பார்த்தேன்.

"பொண்ணு வீட்டுக்காரரு நீங்க. இந்நேரம் நான் பேசுனா உங்களுக்குத்தான் அசிங்கம். நீங்களே ஒரு நாளு சொல்லிருங்க" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவர் வாயை மூடிக்கொண்டார்.

நான் சொல்லவில்லை. சம்பந்தியின் வேன்கள் வேறு கொட்டகைக்குப் போயின. மற்ற லாட்ஜ்காரர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். கல்யாண வண்டியையே பாலத்தில் நிறுத்திய ஆள் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. ஒரு வருடத்துக்குள் கொட்டகையைக் காலி செய்துவிட்டுப் பாம்பனுக்கே போய்ப் படகு வேலை பார்த்தார். அங்கே மீன் வாங்கப் போனபோது ஒருமுறை எதிரே வந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"மக சவுக்கியமா சார்?"

"சவுக்கியம்."

"சம்பந்திகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லணும் முனியசாமி. அதுக்கு ஒரு நேரம் வரல."

"வரும் வரும்" என்று சிரித்தார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுவரொட்டியைப் பார்த்த மறுநாள் பாம்பனில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அந்த அம்மாள் அழவில்லை. "இது எங்களுக்குத் தெரியாதாக்கும்? அன்னைக்கே அவுக சொல்லிட்டாக. தெரியாதவுகட்டப் போயிச் சொல்லுங்க" என்றார். தண்ணீர்கூடக் குடிக்கச் சொல்லவில்லை.

நேரே இராமேஸ்வரம் போய்ச் சம்பந்தியிடம் சொன்னேன். பூப்பலகை, கம்பி, என் தலையாட்டல், எதையும் விடவில்லை. அவர் மேசை மேலிருந்த கைப்பேசியைக் கையில் எடுத்தார். "நானும் அந்த மனுசன நடுப்பாலத்துல வச்சு அந்தப் பேச்சுப் பேசிட்டேனே" என்றார். கைப்பேசியில் முனியசாமியின் எண்ணை இன்னும் வைத்திருந்தார். வீட்டம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அழைத்தவருக்கு, அந்தப் பக்கம் எடுத்ததும் பேச்சு வரவில்லை. என்னிடம் நீட்டினார். எனக்கும் வரவில்லை.

"யாருங்க? வண்டி வேலைக்கா?" என்று கேட்டது அந்த அம்மாளின் குரல். "அவுக இல்லையே."

முனியசாமி அவர்களே, உங்களைத் தேடி என்றைக்கோ வந்திருக்க வேண்டிய அழைப்பு அது. மூன்று வருடம் அதை வரவிடாமல் நிறுத்தி வைத்தவன் நான். மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கும்பிட்டுக்கொள்கிறேன்.